ஏரியைப் படிக்கும் பிள்ளைகள்

நாம் குடியேறி வாழும் பெங்களூர் நகரத்துப் பேட்டைகளின் பெயர்களைச் சற்றே நினைத்துப் பார்த்தல் வேண்டும். அல்சூர், ஹெப்பாள், அகரா, மடிவாளா, பெல்லந்தூர், வர்த்தூர், ஜக்கூர் என நாள்தோறும் பேருந்துகளின் நெற்றியில் நாம் படிக்கும் இப்பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏரி உண்டு. ஆயினும், அவ்வேரியின் கரையில் ஒருநாளேனும் நின்று அதன் நீரை உற்று நோக்கியவர் நம்முள் எத்தனை பேர்? வீடு வாடகைக்குத் தேடுங்கால் 'ஏரி தெரியும் வீடு' என்று தரகர் புகழக் கேட்டு, வாடகையைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, மறுநாள் முதல் நாற்றத்திற்கும் கொசுவிற்கும் அஞ்சிச் சன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். நம் பிள்ளைகளோ இன்று நம்மைக் காட்டிலும் துணிவுடையவராக இருக்கின்றனர். பள்ளியில் இடும் ஆய்வுப் பணியின் பொருட்டு அவர்கள் கையில் சீசாவும் குறிப்பேடும் ஏந்தி ஏரிக்கரைக்குச் செல்கின்றனர். அவர்கள் அங்கே என்ன காண்கின்றனர், எவ்வாறு காண்கின்றனர், அதனால் நமக்கு ஆவது யாது என்பதை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

மாணாக்கரின் இத்தகைய ஆய்வுக்கு நாட்டில் இடமில்லாமற் போகவில்லை. 1993ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகக் கூடித் தம் ஊரைச் சார்ந்த ஒரு பொருளைத் தாமே ஆராய்ந்து, தமக்குப் பழக்கமான மொழியிலேயே எடுத்துரைக்க வழி செய்தது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் ஆய்வாளர்கள் ஏரிகளைப் பற்றி இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்திவந்த மாநாடுகளில், பேராசிரியர்கள் பேசிய மேடையிலேயே பள்ளி மாணவர்களும் தம் ஊர் ஏரியைப் பற்றிக் கட்டுரை படித்தனர். இது சிறிய செய்தியன்று. பட்டம் பெற்றவருக்கே அறிவியல் உரியது என்னும் மயக்கம் நம் நாட்டில் வலியது. அதனை உடைக்க இதனினும் நல்ல வழி நமக்குத் தோன்றவில்லை.

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்திருப்பது. பேராறு எதுவும் இவ்வழிப் பாயவில்லை. ஆதலின் முன்னோர் பள்ளத்தாக்குகளின் குறுக்கே கரை எழுப்பி, ஒன்று நிறைந்தால் வழிந்து அடுத்ததற்குச் செல்லுமாறு ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்து வைத்தனர். அவற்றை இணைக்கும் கால்வாய்களுக்கு இங்கே 'ராஜகாலுவே' என்று பெயர். நம் நாட்டில் ஏரியின் நீர் வெளியேறும் வழியைத் தூம்பு என்போம். கன்னடத்தார் அதனையே 'தூபு' என்கின்றனர். இரு மொழியாரும் ஒரே தொழிலைச் செய்தனர் என்பதற்கு இச்சொல் ஒன்றே போதுமான சாட்சி. பிற்காலத்தில் குழாய்நீர் வந்தது. ஏரியின் மேலிருந்த அக்கறை போயிற்று. இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்குமிடம் முன்பு தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்குமிடம் சம்பங்கி ஏரி. ஊருக்குச் செல்ல மெஜஸ்டிக்கில் மூட்டை முடிச்சுகளுடன் காத்து நிற்கும் நாம் ஓர் ஏரியின் வயிற்றில்தான் நிற்கின்றோம்.

இனி மாணாக்கரின் வேலைக்கு வருவோம். ஏரி உயிருடன் இருக்கின்றதா என்று அறிய அவர்கள் முதலில் தேடுவது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை. மீனும் புழுவும் பூச்சியும் மூச்சுவிடுவது இதனைக் கொண்டே. இதனை அளக்கும் முறையை ஹங்கேரி நாட்டு இரசாயன அறிஞர் விங்க்ளர் என்பார் 1888ஆம் ஆண்டில் வகுத்தார். நூற்றாண்டு கடந்தும் அம்முறை பள்ளி ஆய்வுக்கூடங்களில் வாழ்கின்றது. மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் காற்றுக் குமிழி ஒன்றும் புகாதபடி ஏரிநீரை நிரப்ப வேண்டும். அதில் மாங்கனீஸ் சல்பேட்டுக் கரைசலையும், காரமும் அயோடைடும் கலந்த கரைசலையும் சில துளிகள் விட்டால் வீழ்படிவு ஒன்று தோன்றும். பிராணவாயு இருப்பின் அது பழுப்பு நிறமாக இருக்கும். அறவே இல்லையெனில் வெள்ளையாகவே நின்றுவிடும். பின்னர்க் கந்தக அமிலம் சேர்த்தால் படிவு கரைந்து நீர் பொன்னிறமாகும். அதன்மேல் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் வெளிறும் தறுவாயில் சிறிது கஞ்சிப்பசை சேர்க்க, நீர் கருநீலமாக மாறும். அந்நீலம் மறையும் துளியோடு நிறுத்தி, எத்தனை மில்லிலிட்டர் செலவாயிற்று என்று கணக்கிட்டால் பிராணவாயுவின் அளவு கிடைத்துவிடும். அமிலத்தை ஆசிரியரே கையாளுதல் வேண்டும் என்பதை இங்கே சொல்லி வைக்கின்றோம்.

வெள்ளைப் படிவைக் கண்ணால் கண்ட ஒரு பிள்ளைக்கு மாசு என்பது பாடநூலில் உள்ள சொல்லாக மட்டும் இராது. தன் வீட்டின் பின்னே கிடக்கும் நீரில் மூச்சுவிட ஒன்றுமில்லை என்று அது தானே கண்டுகொள்கின்றது.

ஆயினும், அளந்த எண்ணைக் கொண்டு முடிவு கூறுவதில் ஒரு பெரும் பொறி உண்டு. அதனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 25 பாகை வெப்பத்தில் கடல் மட்டத்திலுள்ள தூய நீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலாகப் பிராணவாயுவைத் தாங்கும். பெங்களூரின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலின் அது ஏறத்தாழ 7.5 ஆகும். மீன்கள் வாழும் நீரில் 4 மில்லிகிராமுக்குக் குறையலாகாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். குளிக்கும் நீருக்கு 5. இவற்றைத் தெரிந்துகொண்டு ஒரு மாணவர் குழு பிற்பகல் மூன்று மணிக்குப் பச்சைப் பாசி படர்ந்த ஏரிக்குச் செல்வதாகக் கொள்வோம். அளந்து பார்த்தால் 10 என்றும் 12 என்றும் வரக்கூடும்! 'ஏரி மிக நலமாக உள்ளது' என்று அவர்கள் அறிக்கை எழுதிவிடுவர். அதே குழு மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அதே துறையில் அளந்தால் 2 அல்லது அதற்கும் கீழே இருப்பதைக் காணும்.

இதன் காரணம் எளியது. பகலில் கதிரவன் ஒளியால் பாசி உணவு சமைத்துப் பிராணவாயுவை வெளிவிடுகின்றது. நீர் தாங்கவல்ல அளவினும் மிகுதியாகவே நிரப்பிவிடுகின்றது. இரவிலோ சமையல் இல்லை. மூச்சு மட்டும் உண்டு. பாசியும் மீனும் சேற்றிலுள்ள நுண்ணுயிரும் சேர்ந்து இரவெல்லாம் மூச்சுவிட, விடியலுக்குள் இருப்பு தீர்ந்து போகின்றது. மேகம் மூடிய நாள் ஒன்றிரண்டு தொடர்ந்து வந்தாலோ, மழையோடு கழிவுநீர் திடீரெனப் புகுந்தாலோ விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து தவிப்பதும், பின்னர்க் கூட்டமாக மாண்டு மிதப்பதும் இவ்வாறுதான் நிகழ்கின்றன. 2016ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அல்சூரின் ஏரியில், ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை அன்பர்கள் பலர் நேரிலேயே கண்டிருப்பர். நீரில் பிராணவாயு குன்றியதே காரணம் என அன்று கூறப்பட்டது.

ஆகவே, ஏரி ஆய்வு என்பது ஒரு நாள், ஒரு வேளை, ஒரு சீசா என்று முடிவதன்று. விடியற்காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை, கழிவுநீர் புகும் வாயில் ஒருமுறை, நீர் வழிந்தோடும் கலங்கலில் ஒருமுறை எனக் குறைந்தது நான்கு அளவுகளேனும் இல்லாத அறிக்கையை நாம் நம்பத் தயங்குகின்றோம். பிள்ளையை விடியலில் எழுப்புவது பெற்றோருக்குத் தொல்லைதான். தேர்வுக்கு எழுப்புகின்றோம் அல்லவா?

இரசாயனம் கிடைக்காத பள்ளிகளும் சோர வேண்டுவதில்லை. 1865ஆம் ஆண்டில் இத்தாலிய வானியல் அறிஞர் செக்கி என்பார் மத்தியதரைக் கடலில் வெண்ணிறத் தட்டுகளை இறக்கி, அவை எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றன என்று அளந்தார். ஏரிகளில் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டில் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு பங்கு தீட்டிக் கயிற்றில் கட்டி இறக்குகின்றனர். பழைய தகர மூடியே இதற்குப் போதும். தெளிந்த நீரில் தட்டு ஆழத்திலும் தெரியும். பாசியால் கெட்டித்த நீரில் முழம் இறங்குமுன் மறைந்துவிடும். மெல்லிய துணியில் தைத்த கூம்புவலையை இழுத்துக் கிடைத்ததை நுண்ணோக்கியில் வைத்தால், நீர்த்தெள்ளு துள்ளுவதையும் நீலப்பச்சைப் பாசி திரள் திரளாகக் கிடப்பதையும் காணலாம். முதன்முறை அதனைக் காணும் பிள்ளை கண்ணை எடுக்க மறுக்கும்.

அடிச்சேற்றையும் கிளறிப் பார்த்தல் நலம். அங்கே செந்நிறப் புழுக்கள் நெளிந்தால், அவை கொசுவை ஒத்த ஆனால் கடிக்காத ஒருவகை ஈயின் இளம்புழுக்கள். நம் குருதியில் உள்ளது போன்ற செந்நிறப் பொருள் அவற்றின் உடலிலும் இருத்தலால், பிராணவாயு அரிதாக உள்ள சேற்றிலும் அவை பிழைக்கின்றன. அவை மட்டுமே உள்ள ஏரி நோயுற்ற ஏரி. தும்பியின் இளம்புழுவும், ஒரு நாளே சிறகுடன் வாழும் பூச்சியின் இளம்புழுவும் கூடவே கிடைத்தால் நிலைமை அத்துணை மோசமில்லை என்று கொள்ளலாம். கரையில் நின்று புள்ளினங்களை எண்ணுவதும் ஆய்வே. முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், மடையான், கூழைக்கடா என்று நம் மொழியில் எத்தனை அழகிய பெயர்கள்! ஆங்கிலப் பெயரை மட்டும் கற்கும் பிள்ளைக்கு இவற்றையும் வீட்டில் சொல்லிக் கொடுக்கலாம். கரையில் புல் அறுப்பாரையும் மீன் பிடிப்பாரையும் துணி துவைப்பாரையும் வினவுவதற்கோ பிள்ளைகளுக்கு நம் உதவி தேவையில்லை. அவர்கள் பேசும் கன்னடம் நம்முடையதைவிட நன்றாகவே உள்ளது.

இவ்வளவும் ஏரியின் உள்ளே. ஆனால் ஏரியை விட்டு வெளியேறும் நீர் எங்கே செல்கின்றது என்று கேட்கும் மாணவரே நம்மை உண்மையில் சங்கடத்திற்கு உள்ளாக்குகின்றனர்.

பெங்களூரின் பெரிய ஏரியாகிய பெல்லந்தூர் ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புடையது. நகரின் நடுவிலிருந்தும் தெற்கிலிருந்தும் கோரமங்கலா – சல்லகட்டாப் பள்ளத்தாக்கின் வழியே வரும் நீர் அதனுள் புகுந்து, அடுத்துள்ள வர்த்தூர் ஏரிக்கு வழிகின்றது. மழைநீருக்கென அமைந்த வழியில் வீட்டுக் கழிவுநீர் பல்லாண்டுகள் பாய்ந்தது. சவர்க்காரப் பொடிகளின் எச்சம் முற்றும் சிதையாமல் நீரிலும் சேற்றிலும் தங்கி, மழைக்காலத்து வெள்ளம் கலக்கி மதகில் வீழ்கையில் வெண்ணுரையாகப் பொங்கிச் சாலை வரை பறந்தது. 2015இலும், 2017 பிப்ரவரியிலும், 2018 சனவரியிலும் பெல்லந்தூர் ஏரியில் தீயும் புகையும் எழுந்தன. நீரின்மேல் நெருப்பு என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. அதன் பின்னர் நீதிமன்றத் தீர்ப்பாயத்தின் ஆணைகளாலும் பொதுமக்களின் முயற்சியாலும் கழிவுநீரைத் திருப்பிச் சேற்றை அகற்றும் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. சுத்திகரித்த நீரின் ஒரு பகுதி 2018 முதல் வறண்ட கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பப்பட்டு வருகின்றது.

வர்த்தூரைக் கடந்த நீர் சேருவது தட்சிண பினாகினி ஆற்றில். அன்பர்கள் இப்பெயரை அறியாமல் இருக்கலாம். அதன் தமிழ்ப் பெயரை அறியாதார் இலர். அதுவே நம் தென்பெண்ணை. நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் கிழக்கே இறங்கி, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தமிழ்நாட்டின் நீராகின்றது. பின்னர்க் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை ஆகியவற்றைக் கடந்து கடலூரருகே கடலில் கலக்கின்றது. கெலவரப்பள்ளி அணையின் மதகுகளிலிருந்து நுரை பொங்கி வந்ததாகக் கடந்த ஆண்டுகளில் பன்முறை செய்தி படித்தோம். அச்செய்தியைப் படித்தபோது வேறெவரோ செய்த தீங்கு என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பியவர் நம்முள் இலரோ? நகரின் மேற்குப் பகுதியில் குடியிருப்போரும் மகிழ வேண்டுவதில்லை. அங்கே ஓடும் விருஷபாவதி, அர்க்காவதியில் கலந்து காவிரியைச் சேர்கின்றது.

இன்னும் ஒன்று. நம் குழாயில் வரும் காவிரிநீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரத்திற்கு எந்திரங்களால் ஏற்றிக் கொண்டுவரப்படுவது. 1974ஆம் ஆண்டு முதல் இவ்வேற்பாடு நடைபெறுகின்றது. அவ்வளவு பொருட்செலவில் மேலேறிய காவிரி, நம் குளியலறையையும் சமையலறையையும் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத் தென்பெண்ணையாகக் கீழிறங்கி, தருமபுரிப் பக்கத்தும் கிருஷ்ணகிரிப் பக்கத்தும் நம்மவர் வயலுக்குச் செல்கின்றது. நம்முள் பலருக்கு அப்பகுதிகளில் உற்றார் உறவினர் உண்டு. ஆண்டுதோறும் பொங்கலுக்கு அவர்களுக்குப் புத்தாடை அனுப்புகின்றோம். நாள்தோறும் அனுப்புவது இது.

செய்வதற்கு வழியே இல்லை என்று கூறவும் இயலாது. நகரின் வடபால் உள்ள ஜக்கூர் ஏரியில், சுத்திகரிப்பு நிலையத்தினின்று வெளிவரும் நீர் நேரே ஏரியில் விழுவதில்லை. சம்பங்கோரையும் பிற நீர்ச்செடிகளும் வளர்ந்த சதுப்பு நிலத்தின் வழியே மெல்லப் புகுந்து, எஞ்சிய நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அவற்றுக்கு உணவாகக் கொடுத்துவிட்டே ஏரியை அடைகின்றது. சதுப்பின் இப்புறத்தும் அப்புறத்தும் ஒரே நாளில் நீர் எடுத்து ஒப்பிட்டால் இயற்கை செய்யும் சலவையைப் பிள்ளைகள் எண்ணாலேயே காண்பர். கல்கத்தாவில் வாழும் நம்மவர் பிள்ளைகளுக்கு இதனினும் பெரிய பள்ளிக்கூடம் உண்டு. நகரின் கிழக்கே 12,500 எக்டேர் பரப்பில், கழிவுநீரையே கொண்டு மீன் வளர்க்கும் அப்பகுதி, 2002ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. ஆழமற்ற குளம், வெயில், பாசி, மீன் என்னும் நான்கினாலும் அங்குள்ள மீனவர் செய்வதைப் பொறியியலார் வியந்து பார்க்கின்றனர்.

இனி, கசப்பான ஒன்றும் சொல்ல வேண்டியுள்ளது. பள்ளிக் கண்காட்சிகளில் நாம் காணும் ஏரிகளுள் பெரும்பாலானவை தெர்மோக்கோல் ஏரிகள். நீலச்சாயம் பூசிய பலகை, பஞ்சு மேகம், காகிதத் தாமரை! தந்தை இணையத்தில் படி எடுத்து, தாய் இரவெல்லாம் ஒட்டி வண்ணந்தீட்டி, பிள்ளை காலையில் சுமந்து சென்று பரிசு பெறுகின்றது. கண்காட்சி முடிந்தபின் அத்தெர்மோக்கோல் ஏரியைச் சேர்வதும் உண்டு. எண்கள் அழகாக அமையவில்லை என்று அளவைத் திருத்தி எழுதும்படி தூண்டும் பெரியோரும் இருக்கின்றனர். அளந்தது 3 என்றால் 3 என்றே எழுதிய ஒரு கசங்கிய தாள், அத்தனை அலங்காரத்தினும் மேலானது என்பது நம் கருத்து.

பெற்றோர் செய்யத்தக்க உதவி வேறு உண்டு. பிள்ளைகளைத் தனியே அனுப்பலாகாது. நீருள் இறங்க விடலாகாது. கழிவுநீர் கலந்த நீராதலின் கையுறையும், திரும்பியபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதலும் கட்டாயம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர் தம் வளாகத்துச் சுத்திகரிப்பு நிலையம் உண்மையில் ஓடுகின்றதா, அன்றி மின்செலவை எண்ணி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதா என்று பிள்ளையுடன் சென்று பார்க்கலாம். இது ஏரிக்குச் செல்லாமலே செய்யக்கூடிய ஏரி ஆய்வு. காவலாளர் முதலில் தயங்குவார். குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரும் தயங்கினால் அங்கே ஏதோ உள்ளதென்று பிள்ளை குறித்துக்கொள்ளட்டும்.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். இங்குள்ள பிள்ளை வர்த்தூர் ஏரியின் கலங்கலில் நீர் எடுக்கும் அதே நாளில், அங்குள்ள மாமன் மகனோ அத்தை மகளோ கெலவரப்பள்ளியில் எடுத்து அளக்கலாம். கோடையின் இறுதியில் ஒருமுறை, ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறை என ஈராண்டு தொடர்ந்தால் நான்கு சோடி எண்கள் கையில் இருக்கும். சீசாவைப் பேருந்தில் ஏற்றி வந்து வீட்டில் அளக்கலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். வழியிலேயே உள்ளிருக்கும் உயிர்கள் பிராணவாயுவைத் தின்றுவிடும். முதலிரு கரைசல்களையும் கரையிலேயே விட்டு மூடி, இருட்டான பெட்டியில் வைத்து, அன்றைக்கே அளந்து முடித்தல் வேண்டும்.